மண்ணில்லாமல் பசுந்தீவனம்: யாருக்கு உதவும், எவ்வளவு உதவும்?

கறவை மாடு வளர்ப்பில் ஆகும் செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் பசும்புல்லைக் கண்ணால் காண்பதே அரிது. ஏரிகள் வற்றிவிடும். நவரை அறுவடை முடிந்த வயலில் அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோல் மட்டும் கிடக்கும். மேய்க்கால் புறம்போக்கு என்று கணக்கில் எழுதியிருக்கும் நிலம் பல ஊர்களில் நேரில் போய்ப் பார்த்தால் இருப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்பேட்டைகள் வந்தபின் மாடு நடந்து மேயும் இடம் இன்னும் சுருங்கிவிட்டது. சொந்தமாக நிலம் இல்லாமல், கொல்லையில் ஒரு பசுவைக் கட்டி, காலையும் மாலையும் பால் சங்கத்துக்கு ஊற்றி வரும் குடும்பங்களின் பாடு சொல்ல வேண்டியதில்லை. பட்டுத்தறி ஓடும் வீடுகளிலும் ஒரு மாடோ நாலைந்து ஆடோ வைத்திருப்பவர்கள் உண்டு.

இத்தகையோர் காதில், "மண் வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு கிலோ விதை போட்டால் எட்டே நாளில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனம்" என்ற சேதி விழுந்தால் ஆசை பிறப்பது இயல்பே. சேதி பொய்யல்ல. ஆனால் அதில் பாதிதான் சொல்லப்படுகிறது. மற்றப் பாதியையும் கேட்டுக்கொண்டு இறங்கினால் கைமுதல் வீணாகாது.

புதுப் பெயர், பழைய வேலை

இந்த முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். மண்ணில்லாமல் நீரிலேயே பயிர் வளர்ப்பதைக் குறிக்க இச்சொல்லை 1937-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்ற அறிஞர். நம் நாட்டில் 1946-47-இல் வங்காளத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் எளிய தொட்டிகளில் இம்முறையைச் செய்து பார்த்தார். அவர்கள் வளர்த்தவை காய்கறி போன்ற நெடுநாள் பயிர்கள். ஆகவே நீரில் உரச்சத்துக்களைக் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

தீவனம் வளர்ப்பதற்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு விதையில் முளைக்குத் தேவையான உணவு எட்டு நாளைக்குப் போதுமான அளவு இருக்கிறது. தண்ணீர் ஒன்றே போதும். இதற்கென்று தனி "சத்துக் கரைசல்" வாங்கச் சொன்னால் வாங்காமல் திரும்பி வருவதே நல்லது.

உண்மையைச் சொன்னால், நம் பெண்களுக்கு இது புதிய வேலையே அல்ல. கோயில் பிரம்மோற்சவத்துக்கு முன் அங்குரார்ப்பணத்தில் நவதானியத்தை முளைக்க விடுவதும், கல்யாணத்தில் பாலிகை தெளிப்பதும், அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதும் இதே கைவேலைதான். ஒரே வேற்றுமை: முளைப்பாரியை இருட்டறையில் வைப்பதால் அது வெளிர் மஞ்சளாக வளர்கிறது. மாட்டுக்கு வளர்ப்பது பச்சையாக இருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். கடும் வெயில் வேண்டாம்.

எடை கூடுவது எதனால்?

ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஈரம் போக 880 கிராம் உலர்பொருள் இருக்கிறது. அதை முளைக்க வைத்து எட்டாம் நாள் எடுத்தால் 5 கிலோ தீவனம் கிடைப்பதாகக் கொள்வோம். நன்றாகச் செய்கிறவர்களுக்கு ஐந்தரை, ஆறு கிலோகூட வரும். இந்த 5 கிலோவில் நூற்றுக்கு 13 பங்குதான் உலர்பொருள். அதாவது 650 கிராம். மீதி நான்கே கால் கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர்.

880 கிராம் 650 கிராமாகக் குறைந்தது எப்படி? முளைக்கும் விதையும் மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எரித்துத்தான் வேரையும் இலையையும் நீட்டுகிறது. இலை பச்சையாகி வெயிலில் உணவு தயாரிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். எனவே போட்டதில் நாலில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியும் எடை ஐந்து மடங்கு. மாட்டின் வயிற்றில் சேரும் சரக்கோ முன்பைவிடக் குறைவு.

"புரதம் 9-இலிருந்து 12 சதவீதத்துக்கு மேல் உயருகிறதே" என்று கேட்கலாம். உயருவது உண்மை. ஆனால் புரதம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. ஒரு கிலோ மக்காச்சோளத்தில் இருந்த சுமார் 80 கிராம் புரதம்தான் முளைத்த பிறகும் இருக்கிறது. மாவுச்சத்து குறைந்ததால் புரதத்தின் விகிதம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. பால் சுண்டினால் கெட்டியாவது போல.

இதை நம்ப மறுப்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ முளைத்தீவனத்தைச் சிறிதாக நறுக்கி, முறத்தில் பரப்பி, நொறுங்கும் பதம் வரும்வரை மூன்று நான்கு நாள் வெயிலில் காயவிட்டு எடை போட வேண்டும். 150 கிராம் தேறினால் அதிகம். அதே போல ஒரு கிலோ கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் காயவைத்தால் சுமார் 200 கிராம் நிற்கும். ஒரு கிலோ வைக்கோல் ஏறக்குறைய 900 கிராம் நிற்கும். தராசு யாருக்கும் பரிந்து பேசாது.

கையிருப்பைக் கேட்டுப் பார்த்தால்

மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் என்று கொள்வோம். தண்ணீர், தட்டு தேய்மானம் இவற்றுக்கு 3 ரூபாய் சேர்த்தால் 5 கிலோ தீவனத்துக்கு அடக்கம் 28 ரூபாய். வீட்டார் உழைப்புக்குக் கூலி போடவில்லை. பச்சையாக நிறுத்தால் கிலோ ஆறு ரூபாய்க்கும் குறைவு; மலிவாகத் தோன்றும். ஆனால் உலர்பொருளாகக் கணக்கிட்டால் கிலோ 43 ரூபாய் விழுகிறது. முளைக்க வைக்காமல் அந்த மக்காச்சோளத்தையே அரைத்துக் கலப்புத் தீவனத்தில் சேர்த்தால் உலர்பொருள் கிலோ 28 ரூபாய்தான். சொந்த நிலத்தில் வளரும் ஒட்டுப்புல்லுக்கு வெட்டுக்கூலி, தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கிலோ 2 ரூபாய் வைத்தாலும் உலர்பொருள் கிலோ 10 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஈரானில் இறைச்சிக் கன்றுகளுக்கு பார்லி முளைத்தீவனம் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. வழக்கமான தீவனம் தின்ற கன்றுகளைவிட இவை கூடுதலாக எடை போடவில்லை. தீவனச் செலவுதான் ஏறியது. இக்கணக்கைப் பார்க்காமல், லட்சக்கணக்கில் விலையுள்ள குளிரூட்டும் அறையும் தானியங்கித் தெளிப்பான்களும் வாங்கிவிட்டு, மின்கட்டண ரசீதைப் பார்த்தபின் மூடி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை, விற்றவரைத் தவிர.

பின் இதை ஏன் செய்ய வேண்டும்?

காரணம் இருக்கிறது. நாள்தோறும் வைக்கோலும் தவிடும் மட்டுமே தின்னும் மாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வயிறு நிறைகிறது. ஆனால் பச்சையில் மட்டுமே நிறைய உள்ள கரோட்டின் என்னும் சத்து கிடைப்பதில்லை. அதிலிருந்துதான் மாட்டின் உடல் வைட்டமின் 'ஏ'யை உண்டாக்கிக்கொள்கிறது. அது நெடுநாள் குறைந்தால் மாடு சரியாகச் சினை பிடிக்காது, நஞ்சுக்கொடி தங்கும், மாலைக்கண் வரும், கன்று நோஞ்சானாகவோ பார்வையின்றியோ பிறக்கவும் கூடும். ஒரு சினைப்பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. மூன்று தவறினால் இரண்டு மாதப் பால் போயிற்று. அந்த நட்டத்துக்கு முன்னால் தீவன அடக்க விலை பெரிதல்ல.

மேலும் முளைத்தீவனம் இளசு, எளிதில் செரிக்கும். வேர், விதை, தண்டு, இலை என எதையும் மிச்சம் வைக்காமல் மாடு தின்றுவிடும். அதனோடு கலந்து போட்டால் வைக்கோலையும் ஒதுக்காமல் தின்னும். கோவாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் 2010-க்குப் பின் இதை விரிவாக ஆராய்ந்து, நம் தட்பவெப்பத்துக்கு மக்காச்சோளமே ஏற்ற தானியம் என்று கண்டது.

ஆகவே மாட்டுக்கு இதைக் கீரையாகக் கொடுக்க வேண்டும், சோறாக அல்ல. வீட்டில் தினமும் ஒரு கை கீரை சமைத்தால் உடம்புக்கு நல்லது. கீரையை மட்டுமே தின்று யாரும் ஏர் உழ முடியாது.

பத்து சென்ட் நிலமும் தண்ணீரும் இருப்பவர் முளைத்தீவனத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணைகளை நட்டுவிட்டால், நன்கு பராமரிக்கப்பட்ட நிலையில் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் வரை அறுக்கலாம். பத்து சென்ட் இருந்தால் ஒரு பசுவுக்கு மட்டுமல்ல, கன்றுக்கும் சேர்த்துப் பச்சை கிடைக்கும். வரப்பில் அகத்தி, வேலியோரம் வேலிமசால் இருந்தால் புரதத்துக்கும் குறைவில்லை. நிலமே இல்லாதவர்களுக்கும், கிணறு வற்றும் இரண்டு மூன்று மாதங்களுக்கும்தான் தட்டு முறை.

ஒரு பசுவுக்கு வேண்டிய ஏற்பாடு

நாளொன்றுக்கு 5 கிலோ போதும். அதற்கு ஒரு கிலோ விதை, ஒரு தட்டு. எட்டு நாள் சுழற்சிக்கு எட்டுத் தட்டுகள். கழுவிக் காயவைக்க மேலும் இரண்டு. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் தட்டுகள் ஏற்றவை. அடியில் சிறு துளைகள் இட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். சவுக்குக் கம்பில் நான்கு தட்டு அடுக்குப் பரண் கட்டி, அடுக்குக்கு இரண்டு தட்டு வைக்கலாம். ஒரு பக்கம் விரலளவு சாய்வாக இருந்தால் நீர் வடியும். மூன்றடிக்கு இரண்டடி இடம் போதும். கட்டில் போடும் இடம்கூட வேண்டாம்.

பரணைக் கீற்றுக் கொட்டகையிலோ, மாட்டுக் கொட்டகை ஒட்டிய தாழ்வாரத்திலோ, நிழல்வலைக்கு அடியிலோ அமைக்கலாம். நெசவாளர் வீட்டில் தறி இருக்கும் அறைக்குள் மட்டும் வைக்கலாகாது. ஓயாத ஈரமும் அதோடு வரும் பூசணமும் பட்டுக்கும் ஆகாது, ஜரிகைக்கும் ஆகாது. தறியை விட்டு எழுந்து வெளியே வந்து தண்ணீர் தெளிப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் ஓய்வு.

விதை வாங்கும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. விதைப்புக்கென்று கடையில் விற்கும் வீரிய ரக விதையில் பூசணக்கொல்லி பூசியிருப்பார்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் தெரியும். அதைத் தீவனத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. கழுவிவிட்டாலும் கூடாது. நடுவில் உடையாத, வண்டு விழாத, மருந்து கலக்காத புதுத் தானியமாகப் பார்த்து வாங்க வேண்டும். மூட்டையாக வாங்குவதற்கு முன் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்கலாம். 85-க்குக் குறைவாக முளைத்தால் அந்தச் சரக்கு வேண்டாம். முளைக்காத விதைதான் தட்டில் முதலில் அழுகும்.

சிலர் விலை குறைவு என்று சோளத்தை முளைக்க வைக்கிறார்கள். இளஞ்சோளப் பயிரில் மாட்டைச் சாய்க்கும் நஞ்சு இருப்பது கிராமத்தில் எல்லோரும் அறிந்ததுதான். தட்டில் வளர்த்தாலும் அந்த நஞ்சு இருக்கும். சோளத்தைத் தொட வேண்டாம். மக்காச்சோளத்தோடு கொஞ்சம் கொள்ளோ தட்டைப்பயறோ தனித்தட்டில் வளர்த்துச் சேர்ப்பதில் தவறில்லை.

முதல் நாள் மாலை ஒரு கிலோ விதையை வாளியில் கொட்டி நன்றாக அலசி, மிதக்கும் சண்டு விதையை நீக்கிவிட்டு, புது நீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் காலை நீரை வடித்து, சுத்தமான ஈரக் கோணியில் கட்டி நிழலில் வைக்க வேண்டும். கோணி காயாமல் அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். ஒரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதன்பின் தட்டில் அரை அங்குல கனத்துக்குச் சமமாகப் பரப்ப வேண்டும். கூடுதலாகத் திணித்தால் அதிகம் கிடைக்கும் என்பது தப்புக் கணக்கு. நடுவில் சூடேறிப் புளித்துப் போகும்.

பகலில் இரண்டு மணிக்கொரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை நீர் தெளிக்க வேண்டும். கிலோ தீவனத்துக்கு 2 முதல் 3 லிட்டர் நீர் செலவாகும். ஆக ஒரு தட்டுக்கு மொத்தமாக ஒரு குடம். வடியும் நீரை முருங்கைக்கோ வாழைக்கோ விடலாம். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்கக் கூடாது. நீரும் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். காஞ்சிபுரம் நகருக்குள் ஓடும் வேகவதியில் இன்று கழிவுநீரே மிகுதி. ஆற்றோரத்திலும் சாயப்பட்டறை அருகிலும் உள்ள கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எட்டாம் நாள் பயிர் எட்டு முதல் பத்து அங்குலம் உயர்ந்திருக்கும். வேர்கள் பின்னிப் பாய் போலச் சுருட்டி எடுக்க வரும். மேலும் இரண்டு நாள் விட்டால் எடை கூடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. விதையின் கையிருப்பு தீர்ந்துபோவதால் சத்து குறையும், நார் கூடும்.

பூசணம் என்னும் பகை

இம்முறையில் தோற்றவர்களில் பலர் தோற்றது பூசணத்தால்தான். பயிருக்கு உகந்த வெப்பம் 20 முதல் 27 டிகிரி வரை. காஞ்சிபுரத்தில் அக்கினி நட்சத்திரத்தின்போது 40 டிகிரி அடிக்கிறது. அப்போது கொட்டகையின் பக்கவாட்டில் நனைத்த கோணியைத் தொங்கவிட வேண்டும். விதையை முக்கால் கிலோவாகக் குறைத்து மெல்லியதாகப் பரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றே ஈரம். அந்நாட்களில் தெளிக்கும் தடவையைக் குறைக்கலாம். உண்மையில் மழைக்காலத்தில் வரப்பெல்லாம் புல் முளைத்திருக்கும்போது தட்டுக்கு ஓய்வு கொடுப்பதே சரி.

மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெண்மையான பஞ்சு போலத் தெரிவதைப் பார்த்துச் சிலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, குட்டையாக இருந்தால் அது வேர்த்தூவி, கெடுதல் இல்லை. விதைக்கு விதை தாவிச் சிலந்தி வலை போலப் படர்ந்து, வழுவழுப்பும் முடைநாற்றமும் இருந்தால் அது பூசணம். கறுப்பு, பச்சை நிறம் கண்டால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தட்டு முழுவதையும் எருக்குழியில் போட்டுவிட வேண்டும். மேலே உள்ள பச்சையை மட்டும் அறுத்துப் போடலாமே என்று மனம் கேட்கும். கூடாது. சிலவகைப் பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, பாலிலும் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஒரு தட்டின் விலை 28 ரூபாய்.

தட்டு காலியானதும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்த பிறகே அடுத்த விதையைப் போட வேண்டும். கோணியையும் அப்படியே.

கொடுக்கும் முறை

முதல் நாளே 5 கிலோவையும் போட்டால் மாடு கழியும். ஒரு கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். பாயைக் கையால் பிய்த்து, வைக்கோலோடு கலந்து வைக்கலாம். ஆட்டுக்கு அரை முதல் ஒரு கிலோ போதும். வைக்கோலை நிறுத்தக் கூடாது. நார் இல்லாவிட்டால் அசைபோடுவது குறைந்து பாலில் கொழுப்பும் குறையும். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் எப்போதும் போல வேண்டும். 5 கிலோ முளைத்தீவனத்துக்கு ஈடாகக் கலப்புத் தீவனத்தில் அரை கிலோ வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் பத்து நாளில் பால் குவளையில் தெரிந்துவிடும்.

கலப்புத் தீவனம் கிலோ 34 ரூபாய் என்று கொண்டால், அரை கிலோ குறைப்பதில் 17 ரூபாய் மிச்சம். தட்டுக்கு ஆனது 28 ரூபாய். நாளுக்கு 11 ரூபாய் கையை விட்டுப் போகிறது. கால் லிட்டர், அரை லிட்டர் பால் கூடினால் அது ஈடாகும். 10 கிலோ கொடுத்தால் இந்தப் பள்ளம் 22 ரூபாயாக ஆழமாகும். எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு வீட்டிலும் மாடு வேறு, விலை வேறு. எனவே தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் காலை, மாலைப் பாலின் அளவையும், சங்கத்துச் சீட்டில் உள்ள கொழுப்பு, இதர சத்து அளவையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பின்னர் ஒரு மாதம் முளைத்தீவனம் கொடுத்து அதே போல எழுத வேண்டும். மாடு பருவத்துக்கு வந்த நாளையும் குறிக்க வேண்டும். இரண்டு தட்டு, ஒரு கிலோ விதையோடு சிறிதாகச் செய்து பார்த்து, கை பழகியபின் பரண் கட்டலாம்.

நேரில் ஆலோசனை வேண்டுவோர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் காட்டுப்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. புறப்படும்போது நோட்டையும், விதையில் ஒரு கைப்பிடியையும் கொண்டுபோவது நல்லது.